கண்டனமும் காவலும்: அந்யமத நூல்களை அணுகும் முறை பற்றி ஒரு விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமழிசைக்கும் பூவிருந்தவல்லிக்கும் அணித்தேயுள்ள நூம்பலில் வாழ்க்கை வாய்த்தது அடியேனுக்குப் பெரும் பேறு. பக்திஸாரர் அவதரித்த தலம் காலையில் புறப்பட்டு ஸேவித்து உச்சிக்குள் மீளும் தொலைவில் உள்ளது. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் அதனினும் அண்மையது. மூர்க்க நாயனார் பிறந்த திருவேற்காடும் அயலூரே. இவ்வளவு சமய நினைவுகள் செறிந்த ஒரு வட்டாரத்தில் வாழ்பவனுக்குப் பிறர் சமயத்தை எங்ஙனம் நோக்குவது என்னும் கேள்வி ஏட்டோடு நிற்பதன்று. அது வாசற்படி வரை வந்து நிற்கும்.

சென்ற புரட்டாசியில் இப்பக்கத்து மண்டபம் ஒன்றில் நான்முகன் திருவந்தாதி உபந்யாஸம் நடைபெற்றது. ஆறாம் பாசுரம் வந்தது. ஆழ்வார் சமணரையும் பௌத்தரையும் சைவரையும் ஒவ்வோர் அடைமொழியால் தள்ளும் இடம் அது. உபந்யாஸகர் பாசுரத்தின் உரையை இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டு, இக்காலத்து வேறொரு சமயத்தாரின் வேதநூலை எடுத்து, அதன் கதையொன்றைக் கொச்சைப்படுத்திக் கூறினார். கூட்டம் சிரித்தது. அடியேனும் சிரித்தேன். பிறகுதான் தூணோரம் அமர்ந்திருந்த மைக் செட்கார இளைஞர் கண்ணிற்பட்டார். அவர் கழுத்தில் சிலுவை இருந்தது. அவர் முகம் மாறவில்லை. ஒலிபெருக்கி இரையாதபடி விசையைச் சற்றுத் திருப்பி வைத்தார், அவ்வளவே. அவருடைய மறையைப் பழித்த சொல் எல்லோர் செவியிலும் தெளிவாய் விழும்படி பார்த்துக்கொண்டவர் அவரேயாவார். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் திவ்யப்ரபந்தம் அநுஸந்தித்துவரும் ஒருவன் ஏன் சிரித்தான் என்று என்னையே கேட்டுக்கொண்டதன் விளைவே இக்கட்டுரை.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆழ்வார்கள் அந்யமதங்களைக் கண்டிக்கவில்லை என்று கூறுவது பொய். எல்லாச் சமயமும் ஒன்றே என்னும் இக்காலத்து மேடைச்சொல்லை அவர்கள் வாயில் இட்டு நிரப்புவது, அவர்களைப் பழிப்பதற்குச் சற்றும் குறையாத அபசாரம். பரத்வ நிர்ணயம் நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. அதை மழுப்பி நல்ல பெயர் வாங்குவது அடியேன் நோக்கமன்று. கண்டனம் என்பது யாது, நிந்தை என்பது யாது, இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே உள்ளது என்பதே இங்கு ஆராயப்படுவது.

திருமழிசைப் பிரானிடமிருந்தே தொடங்குவோம். அவர் சாக்கியம், சமணம், சைவம் ஆகிய சமய நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, அவற்றுள் நின்றும் பார்த்து, இறுதியிற் பேயாழ்வாரால் திருத்தப்பெற்றுத் திருமாலடி சேர்ந்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அப்பாசுரத்தின் கடுமையை மேற்கோள் காட்டுவோர் அக்கடுமைக்கு அவர் கொடுத்த விலையை மறந்துவிடுகின்றனர். அவர் கற்றபின் மறுத்தார். நாமோ கல்லாமலே நகைக்கிறோம். மைக் செட்கார இளைஞரின் வேதநூலை அந்த உபந்யாஸகர் முழுதும் படித்திருப்பாரா? சிரித்த எங்களில் எவர் அதன் ஓர் ஏட்டையேனும் புரட்டியிருப்போம்? ஆழ்வாரின் சொல்லை இரவல் வாங்கும் உரிமை, அவர் பட்ட பாட்டில் ஒரு பங்கையேனும் பட்டவனுக்கே உண்டு.

இத்தகைய இடங்களில் நம் வ்யாக்யாதாக்கள் கையாளும் மீமாம்ஸா ந்யாயம் ஒன்று உண்டு. அதனை ‘நஹி நிந்தா’ ந்யாயம் என்பர். ஒன்றைப் பழித்துக் கூறும் வாக்கியத்தின் தாத்பர்யம் பழிக்கப்பட்டதைப் பழிப்பதில் இல்லை. விதிக்கப்பட்டதைப் புகழ்வதிலேயே உள்ளது என்பது அதன் கருத்து. ஸூர்யோதயத்துக்கு முன் ஹோமம் செய்வதை விதிக்குமிடத்தில் உதயத்துக்குப் பின் செய்வது பழிக்கப்படும். பின் செய்வதை விதிக்குமிடத்தில் முன் செய்வது பழிக்கப்படும். இரண்டும் வேதமே. ஆகவே அப்பழிப்பு எதையும் அழிக்க வந்ததன்று. தன் விதியை உறுதிப்படுத்த வந்தது.

இந்த ந்யாயம் ஆழ்வார் பாசுரங்களுக்குப் பெருமளவு பொருந்தும். எனினும் இதனை எல்லாக் காயத்துக்கும் இடும் களிம்பாக்குவதும் நேர்மையன்று. ஹோம விஷயத்தில் இரு பக்ஷமும் சாஸ்த்ர ஸம்மதம். ஆழ்வார்க்கோ எதிர்ப்பக்ஷம் ஸம்மதமன்று. அவர் உண்மையாகவே மறுக்கிறார். ஆகவே ந்யாயம் தருவது பாதி விடையே. பாசுரத்தின் நோக்கு எம்பெருமானின் மேன்மை, மறுக்கப்படுவது கொள்கை. இவ்விரண்டோடு நின்றால் அது கண்டனம். மறுக்கப்பட்ட கொள்கையை உடையவனின் மானத்தை நோக்கிப் பாய்ந்தால் அது நிந்தை. கோடு அங்கே விழுகிறது.

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருவோம். தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை, எட்டாம் பாசுரம். எம்பெருமானைப் பற்றிப் பொறுக்கவொண்ணாதன பேசும் சமணரையும் சாக்கியரையும் குறித்து, தமக்கு இயலுமாகில் அவர்தம் தலையைக் கொய்வதே செயல் என்று ஆழ்வார் கூறும் இடம். இப்பாசுரத்தின் கடைசிச் சொற்களை மட்டும் மேடையில் முழங்குவோர் உளர். அவற்றையே காட்டி வைணவம் வன்முறைச் சமயம் என்று எழுதுவோரும் உளர். இருசாராரும் செய்யும் பிழை ஒன்றே. இருவரும் அதற்கு முந்திய பாசுரத்தைப் படிப்பதில்லை.

ஏழாம் பாசுரத்தில் ஆழ்வார் இலங்கையை அழித்த தேவனே தேவன் என்று நிலைநாட்டுகிறார். அதற்கு அவர் வைக்கும் பிணை தம்முடைய தலை. தலை அறுபட்டு மாய்ந்தாலும் இதுவே சத்தியம் என்பது அவர் சூளுரை. ஆக, திருமாலையில் முதலில் வெட்டுக்கு முன் வைக்கப்படும் தலை ஆழ்வாருடையதே. அதன் பின்னரே எட்டாம் பாசுரத்து ஆவேசம் வருகிறது. அதுவும் இயலுமாகில் என்னும் நிபந்தனையோடு வருகிறது. பெற்ற தாயை இகழக் கேட்ட பிள்ளையின் வாயிலிருந்து வெடிக்கும் சொல் அது. செய்துமுடித்த செயலுமன்று, பிறர்க்கு இட்ட கட்டளையுமன்று. தம் தலையைப் பணயம் வைக்காதவன் எட்டாம் பாசுரத்தைத் தனியே எடுத்து ஆள்வது பாசுரத்தைத் திருடுவதாகும். அதே ஏழாம் பாசுரம், நன்கு கற்றோர் அச்சமயங்களைக் காணவும் கேட்கவும் மாட்டார் என்று கூறுவதையும் அடியேன் மறைக்கவில்லை. அது கற்றோரைப் பற்றிய சொல் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

குருபரம்பரா ப்ரபாவத்தில் திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியிலிருந்து பொற்புத்த விக்ரஹத்தைக் கவர்ந்து திருவரங்கத் திருப்பணிக்கு ஆக்கிய வரலாறு வருகிறது. இதனை நம் இல்லங்களில் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லி மகிழ்கிறோம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் ராஜராஜன் நிவந்தமாக அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அது ஆழ்வாருக்குப் பிற்பட்ட காலம். ஆகவே அவ்வூரில் பௌத்தம் அதன் பின்னும் செழித்திருந்தது. இதைக் கொண்டு கதை நடந்ததா இல்லையா என்று வாதிடலாம். அவ்வாதத்தில் ஒளிந்துகொள்ள அடியேன் விரும்பவில்லை. நடந்ததோ இல்லையோ, அதை நாம் எந்தச் சுவையோடு சொல்கிறோம் என்பதே கேள்வி. தில்லைத் திருச்சித்திரகூடத்து கோவிந்தராஜன் மூர்த்தி கடலில் எறியப்பட்டதாகக் கேட்கும்போது நம் நெஞ்சு பதறுகிறது. பொற்புத்தன் உருக்கப்பட்டதாகச் சொல்லும்போது அதே நெஞ்சு களிக்கிறது. இரண்டிலும் ஒருவனுடைய ஆராத்ய மூர்த்தி இருந்தது. ஆழ்வாரின் கைங்கர்ய வேட்கையே அவ்வரலாற்றின் ஸாரம், அதனைப் போற்றுவோம். பிறர் இழப்பைக் கண்டு கைகொட்டுவது அந்த ஸாரத்தைச் சேர்ந்ததன்று.

நம் ஆசார்யர்கள் எதிர்க்கொள்கையை எவ்வாறு நடத்தினர் என்பதற்கு ஸ்ரீபாஷ்யமே சான்று. ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார் மஹாபூர்வபக்ஷத்தை எழுதும் முறை கற்றோர் அறிந்ததே. அத்வைதக் கொள்கையை அத்வைதியே தலையசைக்குமாறு முழுவலிவோடு நிறுத்தி, அதன் பிறகே மஹாஸித்தாந்தத்தைத் தொடங்குகிறார். எதிரியின் வாதத்தை நொண்டியாக்கி வீழ்த்துவது வெற்றியாகாது என்பது அவர் காட்டிய வழி. திருவரங்கத்தில் யஜ்ஞமூர்த்தியோடு பதினெட்டு நாள் வாதிட்டதாகப் பரம்பரை கூறும். பதினெட்டு நாள் பேசினார் என்பது போலவே பதினெட்டு நாள் கேட்டார் என்பதும் அதிலடங்கும். ஸ்ரீமந்நிகமாந்த மஹாதேசிகனின் பரமதபங்கம் தன் பெயரிலேயே பிறமதத்தை முறிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நூல். அந்நூலும் பௌத்தர் என்று ஒரே மூட்டையாகக் கட்டி எறிவதில்லை. மாத்யமிகர், யோகாசாரர், ஸௌத்ராந்திகர், வைபாஷிகர் எனப் பிரித்து, அவரவர் கூற்றை அவரவர் பரிபாஷையிலேயே எடுத்துரைத்து மறுக்கிறது. பங்கம் என்று பெயரிட்ட நூலில் உள்ள மரியாதை, பக்தி என்று பெயரிட்ட மேடையில் இல்லாமற்போனது நம் காலத்து வறுமை.

இனி ஏட்டைவிட்டுக் கல்லுக்கு வருவோம். சிரவணபெளகுளத்தில் பண்டாரி பஸதியில் ஒரு கன்னடக் கல்வெட்டு உண்டு. சக ஆண்டு 1290, அதாவது கி.பி. 1368. விஜயநகர மன்னர் முதலாம் புக்கர் காலத்தது. வைணவர் தமக்கு இழைத்த அநீதிகளை ஆனைகுந்தி, பெனுகொண்டா முதலிய இடங்களைச் சேர்ந்த சமணர்கள் மன்னரிடம் முறையிட்டனர். மன்னர் கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசார்யர்கள் உள்ளிட்ட பதினெட்டு நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்களை வரவழைத்தார். சமணரின் கையைப் பிடித்து வைணவரின் கையில் வைத்தார். சமண தர்சனத்துக்கு முன்போலவே ஐம்பெரு வாத்யங்களும் கலசமும் உரியன என்றும், பக்தர்களால் அதற்கு நேரும் தாழ்வையும் உயர்வையும் வைணவர் தம்முடையனவாகவே கருத வேண்டும் என்றும், சந்த்ர ஸூர்யர் உள்ளவரை வைணவ ஸமயம் சமண தர்சனத்தைக் காத்துவரும் என்றும் அக்கல் கூறுகிறது. இந்தச் சாஸனத்தை நாட்டிலுள்ள பஸதிகளிலெல்லாம் நாட்டும் பொறுப்பும் ஸ்ரீவைஷ்ணவர்க்கே விதிக்கப்பட்டது. சமணர் வீடுதோறும் ஆண்டுக்கு ஒரு பணம் தண்டி, பெளகுளத்துத் தேவர்க்கு இருபது காவலரைத் திருமலைத் தாதய்யர் அமர்த்த வேண்டும். எஞ்சிய பணத்தில் பழுதுற்ற ஜினாலயங்களுக்குச் சுண்ணம் பூச வேண்டும்.

இக்கல்லைப் படிக்கையில் மூன்று செய்திகளை நாம் விழுங்கிவிடலாகாது. ஒன்று, முறையீடு எழுந்தது நம்மவர்க்கு எதிராக. வைணவரும் தீங்கு செய்தனர் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. இரண்டு, காவலுக்கான பணம் சமணரிடமிருந்தே வந்தது. நம்மவர் கொடுத்தது பொறுப்பும் வாக்கும் மட்டுமே. மூன்று, இது மன்னரின் தீர்ப்பு; நம்மவர் உவந்து முன்வந்து செய்ததென்று கொண்டாட இடமில்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னும் இக்கல்லில் ஓர் அற்புதம் எஞ்சுகிறது. சமணரைக் காப்போம் என்னும் இச்சாஸனம் எம்பெருமானாரைப் போற்றும் ச்லோகத்தோடு தொடங்குகிறது. அச்ச்லோகம் அவரை எவ்வாறு போற்றுகிறது? பாஷண்டர்கள் என்னும் கடலுக்கு வடவாமுகாக்னி என்று போற்றுகிறது. நம் பரிபாஷையில் பாஷண்டர் என்னும் சொல்லுக்குள் சமணரும் அடங்குவர். ஒரே கல்லின் தலைப்பில் சமணக் கொள்கையை எரிக்கும் தீ. அதே கல்லின் உடலில் சமணக் கோயிலுக்கு இருபது காவலர். எழுதினவர்க்கு இதில் முரண் தோன்றவில்லை. வாதசபையில் எதிரியின் கொள்கைக்கு நெருப்பாக இருந்தவன் தெருவில் அவன் கோயிலுக்குக் காவலாக இருக்கக் கூடும், இருக்க வேண்டும் என்பதே அக்கல்லின் பொருளாக அடியேன் கொள்கிறேன்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். இரு தர்சனங்களுக்கும் வேற்றுமையில்லை என்று அக்கல் கூறுகிறதே, அதை ஒப்பினால் ஸித்தாந்தம் என்னாவது என்பர். அது ஒழுகலாற்றைப் பற்றிய உடன்படிக்கை, தத்வ நிர்ணயமன்று. தத்வத்தில் வேற்றுமை இல்லையென்றால் தொடக்கத்து ச்லோகத்துக்கே இடமிராது. உரிமையிலும் காவலிலும் வேற்றுமை பாராட்டற்க என்பதே அதன் கருத்து.

அரசன் கை வைத்துத்தான் நமக்கு இது தெரிய வேண்டுமோ? நம்மாழ்வார் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே வழி காட்டியுள்ளார். திருவாய்மொழி நான்காம் பத்தில் பத்தாம் திருவாய்மொழி பரத்வத்தை நிலைநாட்டவே எழுந்தது. அதன் ஐந்தாம் பாசுரத்தில் லிங்க புராணம் பேசுவோரையும் சமணரையும் சாக்கியரையும் வலிந்து வாதிடுவோரையும் நேரே விளித்து, நீங்களும் உங்கள் தெய்வமும் ஆகி நிற்பவன் அவனே என்கிறார். சரீராத்ம பாவம் அறிந்த நமக்கு இவ்விடம் தெளிவு. எதிரியை வென்று அனுப்பும் பாசுரமன்று இது. எதிரியின் உள்ளேயும் அந்தர்யாமியாய் நிற்பவன் நம் பெருமான் என்று காட்டும் பாசுரம். அவன் நிற்கும் இடத்தின்மேல் எச்சில் உமிழ்ந்துவிட்டு அவனை ஸேவிக்கச் செல்வது எங்ஙனம்?

பிறர் நூலை இகழும் நோய் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவாமிநாத தேசிகர் தம் இலக்கணக்கொத்தில் சிந்தாமணியையும் சங்க நூல்களையும் நம் கம்பநாடரின் காவியத்தையும் ஒருங்கே சேர்த்து, அவற்றைப் படிப்போர் வாழ்நாளை வீழ்நாளாக்குகின்றனர் என்னும் கருத்துப்படக் கூறிச் சென்றார். அதே சைவ மரபில் வந்த நச்சினார்க்கினியரோ சமண காவியமான சிந்தாமணிக்கு உரை கண்டார். முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லையென்றும், பின்னர்ச் சமண நூல்களை அவர்களிடையே இருந்து பயின்று மீண்டும் எழுதினாரென்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. உரைகாரன் என்பவன் இப்படியன்றோ இருக்க வேண்டும்! அந்நூலை உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுக் கேட்டு அதன் பொருளைத் தெளிந்தவர் அவர். சிந்தாமணி இன்று நம் கையில் இருப்பது, தம் சமயத்தைச் சேராத நூலைத் தம் குழந்தைபோற் பேணிய இத்தகையோரால்.

1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிலிட வேண்டும் என்று அண்ணாதுரை வாதிட்டபோது, சைவ மரபினரான ரா.பி. சேதுப்பிள்ளை கம்பனுக்காக மேடையேறினார். சேலத்தில் சோமசுந்தர பாரதியார் எதிர்வாதம் செய்தார். சொல்லுக்குச் சொல்லே விடையாயிற்று. 2018 ஜனவரியில் ஆண்டாளைப் பற்றி வைரமுத்து படித்த கட்டுரையில் பிறநூலொன்றிலிருந்து எடுத்தாண்ட ஒரு வரி நம் நெஞ்சைப் புண்படுத்தியபோது, நாம் அவ்வாறு நடந்துகொண்டோமா? அவ்வரிக்கு ஆதாரமுண்டா என்று நூல்வழி மறுத்தோர் சிலர் இருந்தனர். அவர்கள் குரலை வசவும் மிரட்டலும் மூடிவிட்டன. கோதை நாச்சியாரைக் காக்கப் புறப்பட்டவர் வாயில் அவள் செவி பொத்திக்கொள்ளத்தக்க சொற்கள் வந்தன. அன்று நாம் பட்ட வேதனை உண்மையானது. அவ்வேதனையை அறிந்த நாமே மற்றொருவனுக்கு அதை மண்டபத்தில் வைத்து, ஒலிபெருக்கியில் அளிக்கிறோம் என்பதுதான் அடியேனை உறங்கவொட்டாமற் செய்தது.

முடிவாக, உபந்யாஸகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் விண்ணப்பிக்கத்தக்கவை சில. பிறமத நூலைப் பற்றிப் பேசவேண்டின் அந்நூலைப் படித்தே பேசுவது. அதைப் போற்றுவோன் ஒருவன் எதிரில் அமர்ந்திருந்தால் அவன் கேட்டு, ஆம், எங்கள் கொள்கை இதுவே என்று ஒப்பும்படி முதலிற் சொல்லி, அதன்பின் மறுப்பது. ஆழ்வார்களின் கடுஞ்சொற்களை அவர்கள் கூறிய சமயங்களைத் தாண்டி, அவர்கள் அறிந்திராத சமயங்களின்மேல் ஏவாதிருப்பது. ஆறாம் பாசுரத்தில் இல்லாத ஒரு சமயத்தை அதற்குள் நுழைப்பது மூலத்துக்கே செய்யும் பிழை. கண்டனம் ஸதஸ்ஸுக்கு உரியது. நகைப்புக்கூட்டத்துக்கு உரியதன்று என்று கொள்வது. இவை புதுமையல்ல. ஸ்ரீபாஷ்யம் நமக்குக் கற்பித்தவையே.

மறுநாள் அந்த இளைஞர் கருவிகளை எடுத்துச் செல்ல வந்தபோது அடியேன் மண்டபத்துக்குச் சென்றேன். நேற்று நடந்ததற்கு வருந்துகிறேன் என்றேன். “பரவாயில்ல சாமி, எங்க பக்கத்துலயும் இப்படிப் பேசுறவங்க இருக்காங்க” என்று சொல்லி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் அதை ஆறுதலாகவே சொன்னார். அடியேனுக்கு அது ஆறுதலாகவில்லை. பிறரிடத்திலும் உள்ள குற்றம் என்பதால் நம் குற்றம் குறைவதில்லை. பெளகுளத்துக் கல்லில் நம் முன்னோர் ஏற்ற வாக்கு சந்த்ர ஸூர்யர் உள்ளவரை என்று பொறிக்கப்பட்டுள்ளது. அவை இரண்டும் இன்னும் இருக்கின்றன.

குற்றம் குறை இருப்பின் பெரியோர் க்ஷமித்தருள்க.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.